பிரசாதத்தை மென்றுகொண்டே சொன்ன பொய்

ஒடிசாக் கடற்கரையில் இருக்கும் நுவாகடாவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். கடல் அவ்வளவு கிட்டே. கை பம்பில் அடித்த தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இரவில் அதை ஊற்றிச் சோறு ஊறப் போட்டால் காலையில் வாயில் வைக்க முடியாது. ஒடியா வீட்டில் காலை நீர்ச்சோறு கெட்டால் அன்றைய பொழுதே கெட்டதுதான். ஊர் நடுவில் பஞ்சாயத்து இறக்கிய ஓர் ஆழ்துளைக் கிணற்றில் மட்டும், உப்பு மண்ணையெல்லாம் தாண்டி அடியில் போய், நல்ல தண்ணீர் அகப்பட்டது. அந்தக் கிணற்று மோட்டாரைப் போடுகிற வேலை குலமணி ஜேனாவுக்கு.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, பம்பு அறைச் சுவரில் இருக்கும் ஜகந்நாதர் படத்துக்கு ஒரு துளசி இலை வைத்து, பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். தொட்டி நிரம்பியதும் சிவப்புப் பொத்தான். குலமணி அதைக் கோயில் நடை திறப்பது போலச் செய்வார். செருப்போடு அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டார். கருவாடு விற்கும் நேத்ரமணிதான் அவரைத் தினமும் வம்புக்கு இழுப்பாள். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாரும் அவளை நானி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன குலா, சாமிக்குப் படையல் ஆச்சா? எங்க குடத்துக்கு எப்போ படைப்பே?"

"இதோ நானி, ஒரு நிமிஷம்."

"உன் ஒரு நிமிஷத்துல எனக்குப் பேரன் பொறந்து நடக்க ஆரம்பிச்சுடுவான்."

குலமணி சிரிப்பார். அவர் கோபப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் இந்தக் கதையில் வரும் ஆட்கள் கோபப்பட வைத்தார்கள்.

இளவயதில் குலமணி கம்பம் நட்டவர். மின்சாரம் அந்தப் பக்கத்துக்கு முதன்முதலாக வந்தபோது, வயல் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். பக்கத்துத் தோள் மாகுனி தராயுடையது. வேலை முடிந்ததும் இருவரும் கூலியோடு பூரிக்குப் போனார்கள். ஜகந்நாதர் கோயிலின் ஆனந்த பஜாரில் மண்சட்டியில் வாங்கிய மகாபிரசாதத்தை ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிக்கொண்டார்கள். அப்படி ஊட்டிக்கொண்டவர்கள் அதன் பிறகு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. 'மகாபிரசாத்' என்றுதான் அழைக்க வேண்டும். வயது வித்தியாசம் இருந்தாலும் மரியாதையாகத்தான் பேச வேண்டும். ஒருவர் கேட்டதை மற்றவர் மறுக்கக் கூடாது, ஒருவரிடம் மற்றவர் பொய் சொல்லக் கூடாது. கூடப்பிறந்தவனிடம் சண்டை போடலாம், மகாபிரசாத்திடம் முடியாது.

மாகுனி லைன்மேன் ஆனார். அப்போது மின்சாரம் அரசாங்க போர்டின் கையில் இருந்தது. பிறகு போர்டை வெட்டினார்கள். மின்சாரம் தயாரிக்க ஒன்று, பெரிய கம்பியில் கொண்டுவர ஒன்று, ஊருக்குள் கொண்டுவந்து கொடுக்க ஒன்று என்று பிரித்தார்கள். ஊருக்குள் கொடுக்கிற துண்டைக் கம்பெனிக்கு விற்றார்கள். விலையும் வேலையும் நியாயமாக நடக்கிறதா என்று பார்க்க ஆணையம் ஒன்றை உட்கார வைத்தார்கள். நாட்டிலேயே நாம்தான் முதலில் செய்தோம் என்று பெருமை வேறு. நுவாகடாவுக்குத் தெரிந்த மாற்றம் இவ்வளவுதான்: முன்பு கரண்ட் போனால் மாகுனியைக் கூப்பிட்டார்கள், பிறகும் மாகுனியைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் மாகுனி இப்போது கம்பெனி ஆளும் இல்லை. நடுவில் ஒரு ஏஜென்சி. சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, ஏவுவது கம்பெனி, கம்பத்தில் ஏறுவது மாகுனி. கீழே விழுந்தால் யாருடைய ஆள் என்பது விழுந்த பிறகுதான் தெரியும்.

ஊரின் தெற்கே, நெல் விளைந்த நிலத்தை வாங்கி, பித்யாதர் சாமல் இறால் குளங்கள் வெட்டினார். கோடையில் இறால் மூச்சு முட்டிச் சாகாமல் இருக்க, தண்ணீரைக் கடைகிற சக்கரங்களை அல்லும் பகலும் சுற்ற விட வேண்டும். அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், தனிக் கட்டணம் வேண்டும். சாமலுக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. நுவாகடாவின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே ஒரு கனமான கம்பி தெற்கே போயிற்று. ஊர் பார்க்கத்தான் போயிற்று. யார் அனுமதித்தார்கள் என்றும் ஊருக்குத் தெரியும். சப்-டிவிஷன் இன்ஜினியர் கானுங்கோ பாபுவின் ஜீப், சாமலின் குளக்கரையில் நின்று போகும்போதெல்லாம் பின்பக்கம் பனிக்கட்டிப் பெட்டியோடுதான் போகும்.

பைசாக மாதக் கோடையின் உச்சிவெயிலில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. முதலில் கரும்புகை, பிறகு எண்ணெய் சொட்டச் சொட்டத் தீ. பம்பு நின்றது. தொட்டியில் இருந்த தண்ணீர் தீர்ந்ததும், ஊர் மறுபடியும் உப்புக் கை பம்புக்குப் போயிற்று. முடிந்தவர்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். அந்த ஊர்க்காரர்களும் எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்? குழாயடியில் சண்டை வந்தது, குடம் உடைந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. குலமணியின் மனைவி சைலபாலா, உப்பில் ஊறிய சோற்றைப் பிழிந்து மாட்டுக்கு வைத்தாள். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாட்டுக்கே பிடிக்கல. நாம மட்டும் திங்கணுமா?" என்றாள். "போய்க் கேளுங்களேன். எப்பப் பாத்தாலும் சாமி படத்தையே பாத்துட்டு நிக்கிறீங்க."

குலமணி சப்-டிவிஷன் ஆபீசுக்குப் போனார். ஆபீஸ் சுவரில், எண்ணெய் டிரம்களுக்குப் பின்னால், ஆணையத்தின் உத்தரவை ஒடியாவில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தார். கிராமத்தில் எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கம்பெனி தன் செலவில் இரண்டு நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று இருந்தது. அவருக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று. சட்டமே நம் பக்கம் இருக்கிறதே! உள்ளே போய்க் கைகூப்பினார்.

கானுங்கோ பாபு நல்ல சிவப்பு, நெற்றியில் சந்தனக் கோடு. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த ஊரு?"

"நுவாகடா, ஆஜ்ஞா," என்றார் மரியாதையாக. "டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சு. பம்பு ஓடல. வெளியில எழுதியிருக்கு, ரெண்டு நாள்னு…"

"அது தானா எரிஞ்சாத்தான் ரெண்டு நாள். உங்க ஊர்க்காரனுங்க கொக்கி போட்டுத் திருடி எரிச்சா?"

"யாரு பாபு கொக்கி போட்டது?"

"ரிப்போர்ட் இருக்கு. லைன்மேன் கையெழுத்துப் போட்டிருக்கான். மத்த ஊருல எல்லாம் என்ன செய்யறாங்க? வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி, டிராக்டர்ல ஏத்தி, ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணிட்டு வராங்க. நீங்க மட்டும் என்ன மாமனார் வீட்டுச் சம்பந்தமா, பல்லக்குல கொண்டுவந்து வைக்க?"

"சாமல் பாபு குளத்துக்குப் போற கம்பி, ஆஜ்ஞா…"

இப்போதுதான் கானுங்கோ பாபு அவரைப் பார்த்தார். "என்ன கம்பி? ஒரு கம்பியும் இல்ல. ரொம்பப் பேச வருதா? அடுத்த வாரம் புவனேஸ்வரத்துல ஆணையம் பொது விசாரணை வெச்சிருக்கு. கரண்ட் விலைய ஏத்துறதப் பத்திப் பேசப் போறாங்க. யார் வேணா போயி ஆட்சேபணை சொல்லலாம். போ, போய்ச் சொல்லு. இங்கிலீஷ்ல சொல்லு."

ஆபீஸே சிரித்தது.

குலமணி வெளியே வந்தார். அவமானம் ஒருபுறம் இருக்கட்டும். லைன்மேன் கையெழுத்து என்றாரே, அதுதான் அவரைக் குடைந்தது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த நாளிலிருந்து மாகுனி அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஏன் என்று இப்போது புரிந்தது. நேரே போய், "மகாபிரசாத், உண்மையா நடந்தது என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மாகுனியால் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லிவிட்டால் வேலையில் இருக்க முடியாது. குலமணி கேட்கவில்லை. மாகுனி வீடு இருக்கும் தெருவழியே போவதைக்கூட விட்டுவிட்டார்.

ஆனால் புவனேஸ்வரம் போவது என்று முடிவு செய்தார். சிரித்தார்கள் இல்லையா, அதற்காகவே போகலாம். நேத்ரமணி நானியும் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். இருவரும் பெயர் பதிந்தார்கள். காலையில் குலமணியின் முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானியின் முறை. நானியின் மருமகள் கைபேசியில் அந்தக் கனமான கம்பியையும், அது போய்ச் சேர்கிற சக்கரங்களையும் படமாக எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"குலா, முதல்ல படத்தக் காட்டு. அப்புறம் பேசு," என்று நானி பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

விசாரணை மண்டபம் கல்யாண மண்டபம் போல இருந்தது. மேடையில் ஆணையத்துக்காரர்கள். ஒருபக்கம் கம்பெனி. மறுபக்கம் ஆட்சேபணை சொல்ல வந்தவர்கள், பெரும்பாலும் வக்கீல்களும் ஆலைக்காரர்களும். யூனிட்டுக்கு இத்தனை பைசா, நஷ்டம் இத்தனை சதவீதம் என்று இங்கிலீஷில் மழை பொழிந்தது. கம்பெனியின் வரிசைகளில் கடைசியில், இஸ்திரி போட்ட புதுச் சட்டையில், தலையைக் குனிந்தபடி மாகுனி உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டுக்குச் சாட்சியாகக் கூட்டி வந்திருந்தார்கள். குலமணியைப் பார்த்ததும் மாகுனி இன்னும் குனிந்துகொண்டார்.

குலமணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் நின்று, ஒடியாவில், தண்ணீர் இல்லாததைச் சொன்னார். சாமலின் சக்கரங்களைச் சொன்னார். ஆணையத் தலைவர் நரைத்த மனிதர், கவனித்துக் கேட்டார். கம்பெனி பக்கம் திரும்பி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

கானுங்கோ பாபு எழுந்தார். "இறால் குளத்துக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து எந்த இணைப்பும் கிடையாது சார். கிராமத்து ஜனங்க கொக்கி போட்டதால பாரம் தாங்காம எரிஞ்சது. ரிப்போர்ட் இருக்கு."

அப்போது குலமணி ஒரு காரியம் செய்தார். நுவாகடாவில் பிறந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். இடுப்பிலிருந்து சின்னத் துணிப்பையை எடுத்தார். உள்ளே நிர்மால்யம் இருந்தது. பூரியிலிருந்து கொண்டுவந்து வெயிலில் உலர்த்திய மகாபிரசாதச் சோறு அது. ஒடியா வீட்டில் அது இல்லாமல் இருக்காது. சாகிறவர் வாயில் அதைத்தான் போடுவார்கள், பெண் கொடுக்க வாக்குக் கொடுப்பதும் அதைத் தொட்டுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்ன மனிதரைக் குலமணி தன் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஒருவர் இருக்க முடியும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"பாபு," என்று இரண்டு கையாலும் நீட்டினார், "இதக் கையில வாங்கிக்கிட்டு அதே வார்த்தையச் சொல்லுங்க. நான் பேசாம ஊருக்குப் போயிடறேன்."

மண்டபத்தில் சலசலப்பு. "இங்க அந்த வழக்கம் இல்லைங்க," என்றார் தலைவர். "பிரமாணம் எல்லாம் காகிதத்துல கொடுத்திருக்காங்க."

"பரவால்ல சார்," என்றார் கானுங்கோ பாபு. சிரித்த முகமாகவே நடந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். வலது கையை இடது கையால் தாங்கி வாங்கினார். கண்ணில் ஒற்றினார். சந்தனக் கோட்டின் மேல் வைத்தார். இரண்டு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே சொன்னார்: "குளத்துக்கு இணைப்பு எதுவும் கிடையாது. கொக்கி போட்டு எரிச்சது கிராமத்துக்காரங்க. ஜெய் ஜகந்நாத்."

குலமணி துணிப்பையைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகினார். கூட்டத்தில் பாதிப் பேர், "ஆஹா, எவ்வளவு பக்தி," என்பது போலத் தலையாட்டினார்கள். நேரம் முடிந்தது என்று மைக்கை அணைத்தார்கள். "அடுத்தவர்," என்றார்கள். படங்கள் இருந்த கைபேசி குலமணியின் சட்டைப்பையிலேயே இருந்தது.

வெளியே அரசமரத்தடியில் வடையும் பட்டாணிக் குழம்பும் விற்றார்கள். நானி வாங்கி வந்து வைத்தாள். குலமணி தொடவில்லை.

"படத்தக் காட்டுடான்னா பிரசாதத்தக் காட்டுற!" என்று வெடித்தாள் நானி. "திருடன்கிட்ட போயி சத்தியம் கேட்டா அவன் இல்லைன்னா சொல்லுவான்? இறாலத் தின்ன வாயி, பிரசாதத்தத் திங்காதா?"

"ஒடியாக்காரர் நானி. நெத்தியில சந்தனம்."

"சந்தனம் கடையில விக்கிது."

"நான் தப்புப் பண்ணிட்டேன் நானி. சாமிய எடுத்துக்கிட்டுப் போயி அவர் வாயில போட்டுட்டேன். ஊருக்குத் தண்ணியும் இல்ல, இப்ப…"

பின்னால் நிழல் விழுந்தது. மாகுனி நின்றுகொண்டிருந்தார்.

"மகாபிரசாத்," என்றார் மெதுவாக.

குலமணி திரும்பவில்லை.

"ரிப்போர்ட்டுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். நீட்டினாங்க, போட்டேன். ரெண்டு பொண்ணு இன்னும் வீட்டுல இருக்கு…"

குலமணி எழுந்தார். அவர் குரல் உயர்ந்ததை நானி அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். "நான் உங்களக் கேட்டேனா? இத்தன நாளா ஒரு வார்த்த கேட்டேனா? உங்க வாயிலேருந்து பொய்யும் வரக்கூடாது, உங்க வேலையும் போகக்கூடாதுன்னு உங்க தெருப்பக்கம்கூட வராம இருந்தேன். கையெழுத்துப் போட்டீங்க, சரி. வயிறு. புரியுது. ஆனா அந்த ஆளு அத வாயில போட்டு மென்னப்ப நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க? நாம ரெண்டு பேரும் ஊட்டிக்கிட்ட சோறு மகாபிரசாத் அது! பாத்துட்டு உக்காந்திருந்தீங்க!"

"கம்பம் ஏறுறதுக்கு இடுப்புல பெல்ட்டு குடுத்தவன், முதுகெலும்பத் திருப்பி வாங்கிக்கிட்டான் போல," என்றாள் நானி.

"நானி, வேணாம்," என்றார் குலமணி. கோபத்திலும் அந்த வார்த்தை அவருக்குத் தாங்கவில்லை.

மாகுனி நானியைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க முறைதானே நானி?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அத எனக்குக் குடுங்க."

நானி ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு இலையில் இருந்த வடையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "முதல்ல தின்னு. வெறும் வயித்துல பேசினா குரல் வராது."

மதியம் நானியின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் மைக்கைப் பிடித்து, "எனக்குக் கருவாட்டு விலை தெரியும், கரண்ட் விலை தெரியாது. என் பங்க இவர் பேசுவார்," என்றாள். கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார், மாகுனி கம்பெனி தரப்பு ஆள் என்றார். "அவர் பேசுற நேரம் அந்தம்மா குடுத்தது. பேசட்டும்," என்றார் தலைவர்.

மாகுனி மைக்கின் முன் நின்றார். குலமணி பழக்கத்தில் துணிப்பையை எடுக்கப் போனார். மாகுனி கை காட்டித் தடுத்தார்.

"அது வேணாம். இன்னிக்கு அத வெச்சு ஒரு தடவ நடக்கக் கூடாதது நடந்துடுச்சு. நான் சும்மாவே சொல்றேன்." தலைவரைப் பார்த்துத் திரும்பினார். "குளத்துக்குக் கம்பி இழுத்தது நான்தாங்க. கானுங்கோ பாபு போன்ல சொன்னாரு, இழுத்தேன். பாரம் தாங்காம ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு. ஃபியூஸ் போறது டிரான்ஸ்ஃபார்மரக் காப்பாத்தத்தான். இறால் செத்துடும், தடிச்ச கம்பியப் போட்டு முறுக்குன்னாரு. முறுக்கினேன். அதுக்கப்புறம் ஃபியூஸ் போகல. டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. ஊருல யாரும் கொக்கி போடல. அவங்க தண்ணி கேட்டாங்க, அவ்வளவுதான்."

நானி குலமணியிடமிருந்து கைபேசியை வாங்கி, படங்களை மேடைக்கே கொண்டுபோய்க் காட்டினாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கானுங்கோ பாபு வாயைத் திறந்தார். "நீங்க காலையிலேயே நிறையச் சொல்லிட்டீங்க," என்றார் தலைவர். இரண்டு நாளுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் நுவாகடாவில் இருக்க வேண்டும், கம்பெனி செலவில், குளத்துக் கம்பியை வெட்ட வேண்டும், மற்றது விசாரிக்கப்படும் என்று அங்கேயே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கட்டக் நகரத்தைத் தாண்டும்போது மாகுனியின் கைபேசி அடித்தது. அவர் "ஆங்… ஆங்…" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

"யாரு?" என்றாள் நானி.

"ஏஜென்சி. நாளையிலேருந்து வர வேணாமாம்."

வந்தது டிரான்ஸ்ஃபார்மர். லாரியில், கிரேனோடு, ஊர் ஒரு பைசா கொடுக்காமல். பெண்கள் குலவையிட்டார்கள். குங்குமம் வைத்தார்கள். கூடவே வெள்ளை ஜீப்பில் கானுங்கோ பாபு வந்தார். ஆணையத்துக்கு அனுப்பப் படம் வேண்டும், பம்புக்காரர் பொத்தானை அமுக்குகிற மாதிரி நிற்க வேண்டும் என்றார். புது லைன்மேன் ஒருவர் கம்பத்திலிருந்து இறங்கினார். மாகுனி கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

குலமணி பொத்தான் மேல் விரலை வைத்தார். அமுக்கவில்லை.

"பாபு," என்று மாகுனியைக் காட்டினார், "இவர் வேலைய யார் பறிச்சது?"

"அது ஏஜென்சி விஷயம். எனக்குத் தெரியாது. சீக்கிரம் அமுக்கு, வெயில் கொளுத்துது."

"இவர் என்ன தப்பு செஞ்சார்?"

"யோவ், தண்ணி வேணுமா வேணாமா?"

குடங்களோடு ஊர்ப் பெண்கள் நின்றார்கள். இடுப்பில் குழந்தைகள், உதடு வெடித்த குழந்தைகள். குலமணியின் விரல் அப்படியே இருந்தது. பொத்தானை அமுக்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டா? அது ஊர்த் தண்ணீர். அவருடைய கோபத்துக்கு அதை நிறுத்தி வைக்க முடியுமா? மாகுனியே முன்னால் வந்தார்.

"அமுக்குங்க மகாபிரசாத். நான் பேசினது இதுக்குத்தானே?"

அமுக்கினார். மோட்டார் உறுமியது. குழாய் இருமியது, பழுப்பாகத் துப்பியது, பிறகு தெளிந்தது. கானுங்கோ பாபு படம் எடுக்கச் சொன்னார். "அந்த ஆள அந்தப் பக்கம் தள்ளி நிக்கச் சொல்லு," என்று மாகுனியைக் காட்டினார். மாகுனி தானாகவே நகர்ந்துகொண்டார்.

நுவாகடா இருக்கும் கேந்திரபாடா மாவட்டத்து ஆண்கள் பாதிப் பேர் ஊர் ஊராகப் போய்க் குழாய் வேலை செய்கிறவர்கள். நரைத்த தலையோடு மாகுனியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து ஹைதராபாத் போய்விட்டார். பாதி வயதுக்காரர்களிடம் குழாய் முறுக்கக் கற்றுக்கொள்கிறார். குலமணி ஆணையத்துக்கு இன்னொரு முறை போனார். அங்கிருந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார்: மின்சாரம் எங்கள் பொறுப்பு, மின்சார வேலை பார்க்கிற ஆளை வைப்பதும் நீக்குவதும் எங்கள் பொறுப்பில் வராது. விசாரிக்கப்படும் என்றார்களே, அது? நடந்துகொண்டிருக்கிறது. கானுங்கோ பாபு அதே நாற்காலியில் இருக்கிறார், அதே சந்தனக் கோட்டோடு.

ஊரில் பலரும், "ஜகந்நாதர் பாத்துக்குவாரு, விடு குலா," என்கிறார்கள். குலமணிக்கு அந்தப் பேச்சு மட்டும் பிடிப்பதில்லை. சாமி பார்ப்பதைச் சாமி பார்க்கட்டும், இது மனிதர்கள் பார்க்க வேண்டிய வேலை என்பார். வாரச்சந்தை நாளில், காய்கறி வாங்கப் போகிறவர், பையோடு சப்-டிவிஷன் ஆபீசுக்குள் போய் நிற்பார். கைகூப்புவதை நிறுத்திவிட்டார்.

"என் மகாபிரசாத் என்ன தப்பு செஞ்சார், பாபு?"

முதலில் விரட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். இப்போது அவர் வந்தாலே ஆபீஸ் அமைதியாகிவிடுகிறது. போன சந்தையன்று கானுங்கோ பாபு பொறுமை இழந்து மேசையில் தட்டினார்.

"உங்க ஊருக்குத் தண்ணி வருதில்ல? நல்லா வருதில்ல? அப்புறம் என்னய்யா வேணும் உனக்கு?"

"வருது பாபு," என்றார் குலமணி. "ஒவ்வொரு வாய் குடிக்கிறப்பவும் அவர் ஞாபகம் வருது. அதான் கேக்க வரேன். என்ன தப்பு செஞ்சார்?"